வரப்போகும் குழந்தைக்கு ஒரு பிடி மாவு

நம் சங்கத்து இதழில் குழந்தை வளர்ப்பைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர்களாகவே இருப்பர். அதுவே முறையும் ஆகும். எங்கள் வீட்டிலோ இன்னும் குழந்தை இல்லை. ஆயினும் திங்கள்தோறும் நாங்கள் குழந்தைக்கான மாவு செய்கிறோம். கேழ்வரகை ஊறவைத்து, முளைகட்டி, உலர்த்தி, வறுத்து, அரைத்து, துணியில் சலித்து எடுக்கிறோம். "யாருக்காக?" என்று வினவிய அன்பர்கள் பலர். அவர்களுக்கு விடையாகவும், எங்களைப் போலக் காத்திருக்கும் குடும்பங்களுக்கு உதவியாகவும் இக்கட்டுரையை எழுதுகிறோம்.

நாங்கள் மைசூர் மைன்ஸ் பகுதியில் வாழும் கணவனும் மனைவியும். எங்களுள் ஒருவர் விடியற்காலை இரயிலில் பெங்களூருக்கு வேலைக்குச் செல்பவர். மற்றவர் இங்கேயே சிறுவர்க்குக் கற்பிப்பவர். மணமாகிப் பதினோர் ஆண்டுகள் ஆயின. மருத்துவம் செய்துகொண்டோம், பயன் விளையவில்லை. அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. பின்னர்ச் சட்டப்படி ஒரு குழந்தையைத் தத்தெடுப்பது என்று முடிவு செய்து பெயரைப் பதிந்துகொண்டோம். வரிசையில் நிற்கத் தொடங்கி இரண்டு ஆண்டுகளும் சில திங்களும் கடந்துவிட்டன.

காத்திருப்பின் கணக்கு

தத்தெடுப்பு என்றால் முன்னாளில் உறவினர் வீட்டுக் குழந்தையை நல்ல நாள் பார்த்து மடியில் வாங்கிக்கொள்வதே வழக்கம். இந்துக்களுக்கென 1956-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தத்தெடுப்புச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. ஆனால் பெற்றோரை இழந்த குழந்தையையோ, கைவிடப்பட்ட குழந்தையையோ, பெற்றவர் வளர்க்க இயலாமல் ஒப்படைத்த குழந்தையையோ தத்தெடுக்க விரும்புவோர் 2015-ஆம் ஆண்டின் இளையோர் நீதிச் சட்டத்தின் வழியே செல்லவேண்டும். இந்தச் சட்டம் எல்லாச் சமயத்தார்க்கும் பொதுவானது. மத்திய தத்தெடுப்பு வள ஆணையம் என்னும் அரசு அமைப்பு இதனை நடத்துகிறது. சுருக்கமாகக் 'காரா' என்பர். விண்ணப்பத்தைக் கணினி வழியாகவே பதிவு செய்யவேண்டும். அதன்பின் சமூகப் பணியாளர் ஒருவர் வீட்டிற்கு வந்து, எங்கள் வாழ்க்கை, வருவாய், உடல்நலம், மனநிலை அனைத்தையும் விசாரித்து அறிக்கை எழுதுவார். அவ்வறிக்கை மூன்றாண்டுகளுக்குச் செல்லும். பிறகு பதிவு செய்த நாளின் வரிசைப்படி காத்திருக்கவேண்டும்.

முறை வரும்போது ஒரு குழந்தையின் படமும், அதன் வரலாற்று அறிக்கையும், மருத்துவ அறிக்கையும் நமக்குக் காட்டப்படும். 48 மணி நேரத்திற்குள் நம் இசைவைத் தெரிவிக்கவேண்டும். பின்னர் நேரில் சென்று பார்த்து, 30 நாட்களுக்குள் பொருத்தம் முடிவாகவேண்டும். அதன் பிறகு குழந்தை நம் வீட்டிற்கு வளர்ப்புக்காக வரும். தத்தெடுப்பு ஆணையை முன்பு நீதிமன்றம் வழங்கி வந்தது. 2022-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் மாவட்ட ஆட்சியர் வழங்குகிறார். அதன் பின்னும் இரண்டு ஆண்டுகள், ஆறு திங்களுக்கு ஒருமுறை பணியாளர் வந்து குழந்தையின் நலத்தைப் பார்த்துச் செல்வார்.

நலமான சிறு குழந்தையை வேண்டுவோர் மூன்று ஆண்டுகளுக்கு மேலும் காத்திருக்க நேர்கிறது. இந்தக் கால நீட்டிப்பைப் பற்றிக் குறைகூறாதார் இலர். நாங்களும் மனம் சலித்த நாட்கள் உண்டு. ஆனால் சட்டத்தைப் படித்தபோது ஒரு செய்தி எங்களைச் சற்றே நிறுத்தியது. ஒரு தாய் தன் குழந்தையை வளர்க்க இயலாது என்று குழந்தைகள் நலக் குழுவிடம் ஒப்படைத்தால், அவள் மனம் மாறித் திரும்பப் பெற்றுக்கொள்ள இரண்டு திங்கள் அவகாசம் தரப்படுகிறது. கைவிடப்பட்ட குழந்தையாயின் அதன் பெற்றோரைத் தேடிப்பார்க்கவேண்டும். இரண்டு வயதிற்குட்பட்ட குழந்தையாயின் இரண்டு திங்களுக்குள்ளும், அதற்கு மேற்பட்ட வயதாயின் நான்கு திங்களுக்குள்ளும் குழு தன் முடிவைச் சொல்லவேண்டும். ஆகவே நாங்கள் காத்திருக்கும் நாட்களில் சில, எங்கோ ஒரு தாய் இரவெல்லாம் விழித்திருந்து எண்ணிப் பார்க்கும் நாட்கள். அவளுக்குக் கொடுத்த அவகாசத்தை நாங்கள் குறைகூறலாமா?

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. "வரிசையெல்லாம் எதற்கு? ஒரு மருத்துவமனையில் குழந்தை இருக்கிறது, இவ்வளவு கொடுத்தால் பிறப்புச் சான்றிதழிலேயே உங்கள் பெயரைப் போட்டுவிடலாம்" என்று ஓர் இடைத்தரகர் எங்களிடமும் வந்து சொன்னார். அன்பர்களே, அது குழந்தை விற்பனை. முறையற்ற வழியில் குழந்தையைக் கொடுப்பதும் பெறுவதும் மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். விலைக்கு வாங்குவதும் விற்பதும் அதனினும் கொடிய தண்டனைக்குரியன. தண்டனை ஒருபுறமிருக்க, அவ்வாறு வந்த குழந்தையின் தாய்க்கு அந்த இரண்டு திங்கள் அவகாசம் கிடைத்திருக்குமா என்பதே எங்கள் கேள்வி. அவரைக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டோம்.

மணியும் மாவும்

காத்திருக்கும்போது கைகள் சும்மா இருப்பதில்லை. சிலர் தொட்டில் வாங்குவர். சிலர் சட்டை தைப்பர். எங்கள் குழந்தையின் வயதும் தெரியாது, உயரமும் தெரியாது. ஆகவே சட்டை தைக்க வழியில்லை. எந்தக் குழந்தைக்கும் பசிக்கும் என்பது மட்டும் தெரியும். அதனால் அடுக்களையிலிருந்து தொடங்கினோம்.

இந்த மண்ணின் தானியம் கேழ்வரகு. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் நம் முன்னோர் இங்கு வந்தபோது, அவர்களுக்கு ஊர் புதிது; சுரங்கம் புதிது; ஆனால் கேழ்வரகு பழையது. 'கேவுரு' என்று அவர்கள் அழைத்ததையே கன்னடத்தார் 'ராகி' என்றனர். 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் நிறுவனத்தார் இங்குச் சுரங்கத் தொழிலில் இறங்கியது முதல், 2001-ஆம் ஆண்டு பிப்ரவரியில் சுரங்கங்கள் மூடப்பட்டது வரையில், பூமிக்கடியில் இறங்கியவர்களின் வயிற்றில் இருந்தது பெரும்பாலும் களியும் கூழுமே. வள்ளுவரும் மக்கட்பேற்றைப் பேசுமிடத்துப் பால்சோற்றை எடுத்துக்கொள்ளாமல் கூழையே எடுத்துக்கொண்டார் என்பதை நாம் பெருமையோடு நினைக்கலாம்.

நாங்கள் ராபர்ட்சன்பேட்டைச் சந்தையில் கேழ்வரகு வாங்குகிறோம். கோலார் வட்டாரத்தில் ஆனி, ஆடியில் விதைத்தது கார்த்திகை, மார்கழியில் அறுவடையாகும். அப்போது வாங்குவதே நல்லது. புடைத்து, கல் அரித்து, நீர் தெளியும் வரை நான்கு முறை கழுவவேண்டும். ஓர் இரவு ஊறவிட்டு, நீரை வடித்து, ஈரமான வெள்ளைத் துணியில் மூட்டையாகக் கட்டித் தொங்கவிடவேண்டும். வெயிற்காலத்தில் ஒரு நாளிலேயே முளை எட்டிப் பார்க்கும். இங்குள்ள மார்கழிக் குளிரிலோ இரண்டு நாட்கள் வேண்டும். இடையில் துணி காயாமல் நீர் தெளிக்கவேண்டும். புளித்த மணம் வந்தால் அந்த மூட்டை குழந்தைக்கு உதவாது, கோழிக்குத்தான்.

உலர்த்துவதில் நம் ஊருக்கே உரிய ஒரு தொல்லை உண்டு. தங்கம் பிரித்தெடுத்தபின் கொட்டிய மண் மலை மலையாக நிற்பதை அறிவீர்கள். 'சைனைடு மேடு' என்று நாம் அழைக்கும் அவற்றிலிருந்து காற்றுக் காலத்தில் நுண்தூசி எழுந்து வீடெங்கும் படிகிறது. திறந்த மொட்டை மாடியில் குழந்தை உணவைக் காயவைப்பது இவ்வூரில் ஆகாது. நாங்கள் உள் தாழ்வாரத்தில், மெல்லிய துணி மூடி, நிழலில் உலர்த்துகிறோம். ஆனி, ஆடித் திங்களில் காற்று மிகுந்தால் அம்முறை மாவு செய்வதையே தள்ளிவைத்துவிடுகிறோம்.

நன்றாக உலர்ந்தபின் உள்ளங்கையால் தேய்த்தால் முளைகள் உதிரும். அவற்றைப் புடைத்து நீக்கி, இரும்புச் சட்டியில் இளஞ்சூட்டில் மணம் வரும் வரை மட்டும் வறுத்து, ஆறவைத்து அரைத்து, மெல்லிய துணியில் சலித்து எடுக்கவேண்டும். அதே முறையில் முளைகட்டி உலர்த்தித் தோல் நீக்கிய பாசிப்பயற்றின் மாவை, இரண்டு பங்கு கேழ்வரகுக்கு ஒரு பங்கு வீதம் கலந்துகொள்கிறோம்.

இதில் ஒரு நுட்பத்தை நாங்கள் செய்து செய்தே அறிந்தோம். கேழ்வரகு மணியாக இருக்கும் வரை ஆண்டுக்கணக்கில் கெடாது. வண்டும் எளிதில் அண்டாது. அந்நாளில் நிலத்தடிக் குழிகளில் சேமித்துப் பஞ்ச காலத்தில் எடுத்து உண்டனர். மாவாகிவிட்டாலோ சில வாரங்களே தாங்கும். ஆகவே வரப்போகும் குழந்தைக்காக மாவைச் சேர்த்துவைக்க முடியாது. மணியைத்தான் வைத்திருக்கலாம். மாவு செய்யும் கையைப் பழக்கி வைத்திருக்கலாம். அவ்வளவே எங்களால் ஆவது.

பாட்டியின் முறையும் ஆராய்ச்சி நிலையமும்

முளைகட்டுதல் வெறும் பழக்கம் என்று எண்ணியிருந்தோம். அதற்குத் தக்க காரணம் உண்டு. எட்டுக் கிலோ எடையுள்ள குழந்தையின் வயிறு ஒரு வேளைக்கு ஏறத்தாழக் கால் லிட்டர் அளவே கொள்ளும். சாதாரண மாவில் காய்ச்சிய கூழ் சீக்கிரம் கெட்டியாகிவிடும். குழந்தை விழுங்க வேண்டுமென்று நீரை ஊற்றினால், வயிறு நீரால் நிறையும், வலு சேராது. தானியம் முளைக்கும்போது அதனுள் அமைலேசு என்னும் நொதி பெருகுகிறது. அது மாச்சத்தைச் சிதைத்து இளக்குகிறது. ஆதலால் முளைகட்டிய மாவை இருமடங்கு போட்டாலும் கூழ் இளக்கமாகவே இருக்கும். சிறு வயிற்றுக்குள் மிகுந்த உணவு செல்லும்.

மைசூரில் செலுவாம்பா மாளிகையில் 1950-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தை நம்மவர் பலர் சுற்றுலாவின்போது வெளியிலிருந்தாவது கண்டிருப்பர். எருமைப்பாலிலிருந்து குழந்தை உணவுப் பொடி செய்யும் முறையை ஆராய்ந்து வகுத்த நிலையம் அது. அங்குப் பணியாற்றிய மல்லேஷி, தேசிகாச்சார் என்னும் அறிஞர் இருவர், முளைகட்டிய கேழ்வரகும் பாசிப்பயறும் கலந்த குழந்தை உணவைப் பற்றி 1982-ஆம் ஆண்டில் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டனர். பாட்டிமார் துணியில் கட்டித் தொங்கவிட்ட மூட்டையை அறிவியலார் அளந்து பார்த்து, "ஆம், இது சரியே" என்றனர் எனலாம்.

கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து உண்டு. அரிசியில் அதில் சிறு பங்குகூட இல்லை. தானியத்தில் குறையும் புரதக்கூறு பயற்றில் உண்டு. பயற்றில் குறைவது தானியத்தில் உண்டு. ஆனால் கேழ்வரகு ஒன்றே போதும் என்று எண்ணுவது தவறு. ஆறு திங்களுக்குப் பின் குழந்தைக்கு இரும்புச்சத்து மிகுதியாக வேண்டும். கேழ்வரகிலுள்ள இரும்பு உடலில் எளிதில் சேர்வதில்லை. மசித்த கீரை, பருப்பு, முட்டை, சிறிதளவு எலுமிச்சை அல்லது நெல்லிச் சாறு ஆகியவை துணைசெய்யும்.

பல் முளைத்த குழந்தையா?

எங்கள் வீட்டில் மூத்தவர் ஒருவர் இருக்கிறார். எங்களுள் ஒருவருக்குத் தாய், மற்றவருக்கு மாமியார். இருவரும் அவரை அம்மா என்றே அழைக்கிறோம். தத்தெடுக்கும் செய்தியைச் சொன்னபோது அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். பல நாட்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசியபோது, "யார் பெத்ததோ, என்ன குலமோ" என்றார். நாங்கள் வாதாடவில்லை. வாதத்தால் மனம் திரும்பிய மூத்தோரை நாங்கள் கண்டதில்லை.

மாவு வேலை மட்டும் நடந்துகொண்டிருந்தது. எங்களுக்குக் கை பழகாத காலத்தில் முளையை எவ்வளவு தேய்ப்பது என்று தெரியாமல் நின்றபோது, அவரே முறத்தை வாங்கிக்கொண்டார். பேச்சில்லாமல் இரண்டு திங்கள் அவ்வாறு உதவினார். மூன்றாம் திங்கள் புடைத்துக்கொண்டே கேட்டார்: "ஏம்பா, வர்ற கொழந்தைக்குப் பல்லு மொளைச்சிருக்குமா, மொளைச்சிருக்காதா?"

குலத்தைக் கேட்டவர் பல்லைக் கேட்டார். அந்தக் கேள்விக்கு எங்களால் விடை சொல்ல முடியவில்லை. ஆயினும் அன்றிரவு எங்கள் வீட்டில் நெடுநாளைக்குப் பின் எல்லாரும் சேர்ந்து உண்டோம்.

பின்னர் ஒருநாள் அவரே ஒரு பழங்கதையைச் சொன்னார். அவருடைய மாமனாரின் தந்தை சுரங்கத்தில் பாறை சரிந்து இறந்தவர். கைக்குழந்தையோடு நின்ற தாயும் அவ்வாண்டே காய்ச்சலில் மறைந்தார். அக்குழந்தையை ஊருக்கு அழைத்துச் செல்ல உறவினர் வருவதற்கு மாதங்கள் ஆயின. அதுவரை அடுத்த வீட்டுத் தெலுங்குக்காரப் பெண்மணி தன் பிள்ளைகளோடு அதையும் வைத்துக் கூழ் ஊட்டினார். "அவ நம்ம சனம் இல்ல. அவ ஊட்டலேன்னா நீங்க யாருமே இல்ல" என்று அம்மா சொல்லிவிட்டு, மறுபடியும் முறத்தை எடுத்துக்கொண்டார். லைன் வீடுகளில் வாழ்ந்த நம் முன்னோரின் வரலாற்றில் இத்தகைய கதைகள் எத்தனை வீடுகளில் இருக்கும் என்பதை வாசகர்கள் தத்தம் வீட்டு முதியோரைக் கேட்டறிதல் நன்று.

பல்லைப் பற்றிய அவருடைய கேள்வி பொருளுள்ளதே. ஆறு திங்கள் நிறையாத குழந்தை வந்தால் எங்கள் மாவு வேண்டியதில்லை. அவ்வயதில் பால் ஒன்றே உணவு. மருத்துவரின் துணையோடு முயன்று தத்துத் தாய்மாரும் தாய்ப்பால் ஊட்டியதுண்டு. சில பெரிய மருத்துவமனைகளில் தாய்ப்பால் வங்கியும் உண்டு. இவை கூடாதபோது மருத்துவர் சொல்லும் குழந்தைப் பால்மாவைக் கொதித்தாறிய நீரில், சொன்ன அளவில், கிண்ணத்தாலோ பாலாடையாலோ புகட்டவேண்டும். புட்டியை விடக் கிண்ணம் தூய்மைக்கு ஏற்றது.

ஆறு முதல் எட்டுத் திங்கள் வரை நாளொன்றுக்கு இரண்டு மூன்று வேளை, இரண்டு மூன்று மேசைக்கரண்டி அளவில் தொடங்கி, கால் லிட்டர்க் கிண்ணத்தில் அரைக் கிண்ணம் வரை உயர்த்தலாம். கூழ் கரண்டியில் நிற்கவேண்டும். நீராய் ஒழுகக் கூடாது. ஒன்பதாம் திங்கள் முதல் மூன்று நான்கு வேளையாக்கி, மசித்ததையும் சிறு துண்டுகளாக்கியதையும் தரலாம். ஓராண்டு கடந்தால் வீட்டார் உண்பதையே காரமில்லாமல் உண்ணும். ஓராண்டு நிறையும் வரை உப்பு, வெல்லம், சர்க்கரை வேண்டாம் என்கின்றனர் மருத்துவர். தேன் கூடவே கூடாது. அதனால் நச்சு நோய் வரக்கூடும். பிறந்த குழந்தையின் நாவில் தேன் தடவும் பழக்கத்தை அம்மா விட்டுக்கொடுக்கச் சற்று நாளாயிற்று.

ஊரார் பிள்ளை

மாவு சில வாரங்களே தாங்கும் என்றோம். அப்படியாயின் திங்கள்தோறும் செய்வது எங்கே போகிறது? எங்கள் வரிசையிலுள்ள வீடுகளுக்குப் போகிறது. சுரங்கம் மூடிய பின் நம் ஊரில் தந்தையர் மட்டுமன்றித் தாய்மார் பலரும் இரயிலேறிப் பெங்களூர் சென்று வேலைசெய்து இரவில் திரும்புகின்றனர். குழந்தைகள் பாட்டிமாரிடம் வளர்கின்றன. அவர்களுக்கு முளைகட்டி அரைக்க நேரமும் இல்லை; உடல் வலுவும் இல்லை.

முதலில் மாவைப் பெற்றுக்கொண்டவர்கள், குழந்தையை எங்கள் கையில் தரத் தயங்கினர். குழந்தையில்லாதவர் கை பட்டால் கண்ணேறு படும் என்னும் எண்ணம் நம்மிடையே இன்னும் போகவில்லை. வளைகாப்புக்கும் பெயர் சூட்டு விழாவிற்கும் அழைப்பு வராமலிருப்பது எங்களுக்குப் பழகிப்போன ஒன்று. அதை இங்கே எழுதுவதற்குக் காரணம் புலம்பல் அல்ல. இந்த இதழைப் படிக்கும் வீடுகளிலும் அந்தத் தயக்கம் இருக்கக்கூடும். அதைக் கைவிட வேண்டுகிறோம்.

அந்தத் தயக்கத்தை உடைத்தது எந்தச் சொற்பொழிவும் இல்லை. நியாயவிலைக் கடையின் வரிசைதான். அடுத்த வீட்டுப் பாட்டி ஒருநாள் அரிசி வாங்க விரைந்தபோது, பத்துத் திங்கள் நிறைந்த பேரன் பசியால் அலறினான். "பிடிம்மா, ரெண்டு கரண்டி ஊட்டு, வந்துடறேன்" என்று மடியில் போட்டுவிட்டுப் போனார். திரும்பி வந்தபோது கிண்ணம் காலி, பேரன் உறக்கம். அன்றுமுதல் அவன் நாள்தோறும் ஒரு வேளை எங்கள் வீட்டில் உண்கிறான். நாங்கள் படித்தவை பாதி அவனிடம் பொய்யாயின, பாதி மெய்யாயின. வாயைத் திருப்பிக்கொண்டால் போதும் என்று பொருள் என்பதையும், உண்ணும்போது அவன் கரண்டியைப் பார்ப்பதில்லை, ஊட்டுபவர் முகத்தையே பார்க்கிறான் என்பதையும் அவனே கற்பித்தான்.

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பது நம் பழமொழி. சிறுவயது முதல் கேட்டதுதான். இப்போது அதைக் கேட்கும்போது வேறொன்று தோன்றுகிறது. எங்கள் குழந்தை இந்நேரம் பிறந்திருக்கலாம். ஏதோ ஓர் இல்லத்தில், பெயர் தெரியாத ஓர் ஆயாவின் மடியில் அது உண்டுகொண்டிருக்கலாம். அந்த ஆயாவிற்கு அது ஊரார் பிள்ளை. அவள் அவசரப்படாமல் ஊட்டவேண்டும், அது வாயைத் திருப்பினால் நிறுத்தவேண்டும், அதன் முகத்தைப் பார்க்கவேண்டும் என்று நாங்கள் விரும்புகிறோம். அதே விருப்பத்தோடு, பெங்களூரில் வேலை செய்யும் ஒரு தாய் எங்களை நம்பியிருக்கிறாள்.

வரும் குழந்தையின் வயிறு

வீட்டு ஆய்வுக்கு வந்த சமூகப் பணியாளர் தாழ்வாரத்தில் கேழ்வரகு காய்வதைக் கண்டு மகிழ்ந்தார். பின், "வருகிற குழந்தை இதைச் சாப்பிட்டே பழகாததாக இருந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார். நல்ல கேள்வி. குழந்தை வேறு மாவட்டத்திலிருந்தோ, வேறு மாநிலத்திலிருந்தோ வரலாம். அரிசியும் பருப்பும் உண்டு பழகியிருக்கலாம். பாலில் ஊறிய ரொட்டியை உண்டு பழகியிருக்கலாம். ஓர் இல்லத்தில் பல குழந்தைகளோடு வளர்ந்தது மெல்லாமல் விழுங்கப் பழகியிருக்கலாம்; கிடைத்தபோது அளவின்றி உண்டு, மிகுந்ததை ஒளித்தும் வைக்கலாம். அன்றி, பழகிய முகங்களைப் பிரிந்த துயரத்தில் ஒன்றுமே உண்ண மறுக்கலாம்.

ஆகவே நாங்கள் சில முடிவுகளை எழுதிவைத்துள்ளோம். குழந்தையைக் காணச் செல்லும்போது அதன் எடையையும் நோயையும் மட்டும் கேட்காமல், எதை உண்கிறது, எப்போது உண்கிறது, யார் ஊட்டுகிறார், எந்தக் கிண்ணத்தில் என்று கேட்டு எழுதிக்கொள்வோம். இயன்றால் அந்த ஆயாவிடமே அதன் கூழைக் காய்ச்சக் கற்றுக்கொள்வோம். முதல் சில வாரங்கள் அந்த உணவையே, அந்த வேளைகளிலேயே கொடுப்போம். புதிய உணவு ஒவ்வொன்றாகவே சேரும். ஒன்றைத் தந்து மூன்று நாட்கள் ஒவ்வுகிறதா என்று பார்த்தபின் மற்றொன்று. மிகுதியாக உண்டால் கடிந்துகொள்ளாமல், அடுத்த வேளையும் உணவு உண்டு என்னும் நம்பிக்கை வரும் வரை பொறுப்போம். எங்கள் கேழ்வரகு கடைசியில் வரட்டும்.

இதற்காகவே இப்போது அரிசியும் பாசிப்பருப்பும் வறுத்து அரைத்த மாவு, கோதுமையை முளைகட்டிய மாவு, மசித்த வாழைப்பழம், வேகவைத்த கிழங்கு எல்லாம் செய்து பழகுகிறோம். அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. "நம்ம வீட்டுக்கு வந்தா நம்ம கூழத்தான் குடிக்கணும்" என்கிறார். குடிக்கும், அம்மா, ஆனால் அது தன் வீடு என்று உணர்ந்தபின் குடிக்கட்டும் என்கிறோம். குழந்தை வெறும் வயிற்றோடு நம்மிடம் வருவதில்லை. நாம் அறியாத ஒருவர் ஊட்டிய உணவையும், அந்த உணவின் நினைவையும் சுமந்துகொண்டே வருகிறது. அதற்கு மரியாதை செய்வதே பெற்றோராகும் முதற்படி என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

எங்கள் வரிசை எண் சென்ற ஆண்டைவிட முன்னேறியுள்ளது. எப்போது முறை வரும் என்று சொல்லுவோர் இல்லை. இவ்விதழைப் படிக்கும் குடும்பங்களில் எங்களைப் போல் பதிவு செய்து காத்திருப்போர் இருப்பின், அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாலை எங்கள் வீட்டிற்கு வரலாம். அன்று முளைகட்டிய மூட்டையை அவிழ்க்கும் நாள். குழந்தையுள்ள வீட்டார் ஒரு மூடியுள்ள டப்பா கொண்டுவந்தால் மாவு பெற்றுச் செல்லலாம். குழந்தையையும் அழைத்து வந்தால் அம்மா மகிழ்வார். வந்தவுடன் பல் எத்தனை என்று கேட்பார்.